குழந்தைகள் சொல்வதில் சிரிப்பு எது, கணக்கு எது?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்):

இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை நம் பிள்ளைகள் பேசும் பேச்சில் நம்மைச் சிரிக்க வைப்பவையும் வாயடைக்க வைப்பவையும் நிறைய இருக்கின்றன. அவற்றை இந்த இழையில் தொகுக்கலாம் என்று தோன்றியது. ஒரே ஒரு வேண்டுகோள். 'கேட்டதும் வீடே சிரித்தது' என்று முடித்துவிடாமல், அந்தப் பிள்ளை எதைப் பார்த்து, யார் சொன்னதைக் கேட்டு அந்த முடிவுக்கு வந்திருக்கும் என்பது உங்களுக்குப் பிடிபட்டிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். சிரிப்பு எல்லார் வீட்டிலும் ஒன்றுதான். அதற்குப் பின்னால் பிள்ளை போடும் கணக்குதான் வீட்டுக்கு வீடு மாறுகிறது என்பது என் எண்ணம்.

நானே தொடங்குகிறேன். என் மகளுக்கு நாலு வயது. திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வேலைக்குச் செல்லும் என் மனைவியோடுதான் அவளும் பேருந்தில் பாலர் பள்ளிக்குப் போகிறாள். ஆகவே விசில் என்றால் அவளுக்கு நடத்துநரின் விசில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை குக்கர் அடுத்தடுத்து இரண்டு விசில் அடித்ததும் சமையலறை வாசலில் வந்து நின்று, "ரெண்டு விசில் அடிச்சிருச்சுல்ல, இன்னும் ஏம்மா கிளம்பல?" என்று கேட்டாள். ஒரு விசிலுக்கு வண்டி நிற்க வேண்டும், இரண்டு விசிலுக்குப் புறப்பட வேண்டும் என்பதை யாரும் அவளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஜன்னலோர இருக்கையில் இருந்தபடியே அவளாக எடுத்துக்கொண்ட பாடம் அது. என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல், "பருப்பு இன்னும் ஏறலடி, ஏறினதும் கிளம்பிரும்" என்றாள். மகளுக்கு அந்தப் பதில் முழுத் திருப்தியாக இருந்தது.

செங்காந்தள்:

நல்ல இழை. கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டு "என்னை மட்டும் ஏன் கூப்பிடல?" என்று கேட்காத பிள்ளை நம் ஊரில் இருக்க முடியாது என்பதால், அந்தக் கேள்வியை எதிர்பார்த்துப் பதிலோடு காத்திருந்தேன். என் மகன் அதைக் கேட்கவில்லை. கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நான் எடுத்த போட்டோவா?" என்றான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டுப் படங்கள் எதிலும் அவன் அப்பா இருக்க மாட்டார். கேமராவைப் பிடிப்பவர் அவர்தான். "அப்பா ஏன் இதுல இல்ல?" என்று பிள்ளை கேட்கும்போதெல்லாம் "அவர்தானேடா எடுத்தார்" என்றே சொல்லி வந்திருக்கிறேன். ஆக, படத்தில் இல்லாதவர் எவரோ அவரே படம் எடுத்தவர் என்ற விதி அவனுக்கு என் வாயாலேயே கிடைத்திருக்கிறது. அந்த ஆல்பத்தில் தாத்தா இருக்கிறார், பெரியத்தை இருக்கிறார், பக்கத்து வீட்டு மாமா இருக்கிறார், பந்தியில் இலை எடுக்கும் அம்மாள்கூட இரண்டு படங்களில் இருக்கிறார். வீட்டில் உள்ளவர்களில் அவன் ஒருவன்தான் இல்லை. வேறு எந்த முடிவுக்கு அவன் வந்திருக்க முடியும்? அவன் அப்பா வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் எடுத்திருக்க, தாலி கட்டுற நேரத்துல மட்டும் கை ஆடிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இலக்கணப்பித்தன்:

பிள்ளைகள் சொல்லும் கருத்தை எல்லாரும் எழுதுவீர்கள். அவர்கள் சொல்லும் வடிவத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். என் பேத்திக்கு மூன்று வயது நிரம்பவில்லை. கீழே விழுந்து எழுந்து வந்தவள் என்னிடம் முறையிட்ட சொற்கள் இவை: "தாத்தா, விழுந்தேன், எழுந்தேன், அப்புறம் அழுந்தேன்."

அழுதேன் என்பதுதான் சரி என்று அவள் பாட்டி உடனே திருத்தினாள். ஆனால் பாருங்கள், விழு என்பதற்கு விழுந்தேன், எழு என்பதற்கு எழுந்தேன் என்றால், அழு என்பதற்கு அழுந்தேன் என்று வருவதுதானே நியாயம்? அழு, தொழு, உழு ஆகியவை தகர இடைநிலை பெற்று அழுதேன், தொழுதேன், உழுதேன் என்று வருவது மொழியின் போக்கு. அதற்குக் குழந்தை பொறுப்பல்ல. தொழுவதையும் உழுவதையும் அவள் இன்னும் கேள்விப்பட்டதில்லை. விழுவதும் எழுவதும் அவளுடைய அன்றாட வேலை. கையில் இருந்த இரண்டு சான்றுகளை வைத்து மூன்றாவதைச் செய்திருக்கிறாள்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அழுந்தேன் என்று எங்கள் வீட்டில் எவரும் சொன்னதில்லை, ஆகவே பிள்ளைகள் பெரியவர்களைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள் என்ற பழைய விளக்கம் இங்கே செல்லாது. 1958ஆம் ஆண்டில் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க மொழியியலாளர், எந்த அகராதியிலும் இல்லாத ஒரு பெயரைப் படத்தோடு சிறுவர்களுக்குச் சொல்லி, அதுபோல் இரண்டு இருந்தால் எப்படிச் சொல்வாய் என்று கேட்டுப் பார்த்தார். வாழ்நாளில் கேட்டிராத அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலான பிள்ளைகள் சரியான பன்மை விகுதியைச் சேர்த்துவிட்டார்கள். என் பேத்தி அதே வேலையைத் தமிழில், முட்டியில் சிராய்ப்போடு செய்திருக்கிறாள்.

பழைய கணக்கர்:

மன்னிக்க வேண்டும், நான் கொஞ்சம் மாற்றிப் பேசப் போகிறேன். பேரன் பேத்திகள் எனக்கும் இருக்கிறார்கள்; அவர்கள் பேசினால் எனக்கும் இனிக்கிறது. ஆனால் இந்த இழை போகும் வேகத்தில் இன்னும் நாலு பதிவுக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் தாடி முளைத்து முனிவராகிவிடும் போலிருக்கிறது. குக்கரைப் பேருந்து என்று நினைப்பது அறியாமை. அறியாமை அழகாக இருக்கலாம், அதற்காக அதை ஞானம் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் பிள்ளை என்பதால் நமக்கு இனிக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளை இதையே மூன்று முறை சொன்னால் எழுந்து போய்விடுவோம். குழலையும் யாழையும் பற்றிய குறளை யாராவது ஒருவர் இங்கே கொண்டுவந்து வைப்பார் என்று பந்தயம் கட்டுகிறேன்.

இலக்கணப்பித்தன்:

கணக்கர் ஐயா, குறளைக் கொண்டுவரவில்லை. அதைவிட உங்கள் பக்கம் பேசும் ஒரு பாட்டைக் கொண்டுவருகிறேன். புறநானூற்றின் 92ஆம் பாடலில் ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் சொல்வது இது: "யாழொடும் கொள்ளா, பொழுதொடும் புணரா, பொருளறி வாரா, ஆயினும் தந்தையர்க்கு அருள்வந் தனவால் புதல்வர்தம் மழலை." யாழின் இசையோடு ஒட்டாது, காலத்தோடும் பொருந்தாது, பொருளும் விளங்காது, ஆனாலும் பெற்றவனுக்கு அதன்மேல் அருள் பிறக்கிறது என்கிறார். அதாவது இனிமை கேட்பவனுடைய உறவில் இருக்கிறது என்பதை நீங்கள் சொல்வதற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு புலவர் ஒப்புக்கொண்டுவிட்டார். என் பேச்சும் உனக்கு அப்படித்தான், நீ அருளுடையவன் என்பதால் எடுபடுகிறது என்று அவர் அடுத்த அடியிலேயே தன்னைக் குழந்தையின் இடத்தில் வைத்துக்கொள்வது அந்தப் பாட்டின் நயம்.

ஆனால் 'பொருளறி வாரா' என்ற இடத்தில் நான் ஔவையாரோடு முரண்படுகிறேன். மழலைப் பருவத்துக்கு அது பொருந்தும். மூன்று வயதைத் தாண்டிய பிள்ளை சொல்வதற்குப் பொருள் இருக்கிறது. அது எந்த வழியாக வந்தது என்பதைத்தான் நாம் தேட வேண்டியிருக்கிறது.

இரவுப்பணி அப்பா:

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் வேலை செய்கிறேன். மாலையில் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன், கம்பெனி வண்டி தெருமுனைக்கு வரும், கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும். காலையில் வெளிச்சம் வந்த பிறகு வீட்டுக்குத் திரும்புவேன். என் மகனுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. போன மாதம் காய்ச்சலால் விடுப்பு எடுத்துப் படுத்திருந்தேன். சாயங்காலம் என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்து வெகு கவலையாக, "நீ போகலைன்னா இன்னைக்கு யாருப்பா ராத்திரி போடுவாங்க?" என்று கேட்டான்.

நான் வேலைக்குப் போய் என்ன செய்கிறேன் என்று அவன் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உண்மையில் என் வேலை ஓர் எந்திரத்தில் உதிரி பாகங்களை அடுக்குவது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவன் கொடுத்திருக்கும் பதவி அதைவிடப் பெரியது.

இன்னொரு நாள், பகலில் நான் தூங்கி எழுந்ததும், "பகல்ல தூங்கினா கனவுல வெளிச்சமா இருக்குமா?" என்று கேட்டான். இதற்குப் பதில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். யோசித்துப் பார்க்கிறேன், என் கனவில் எந்நேரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மலைச்சாரல்:

நான் குழந்தை உளவியல் படித்தவள். பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளோடுதான் வேலை. 'யார் ராத்திரி போடுவாங்க' என்ற கேள்வியைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே 1920களில் ஜெனீவாவில் நூற்றுக்கணக்கான சிறுவர்களிடம் சூரியன், நிலா, மேகம், ஏரி இவையெல்லாம் எப்படி வந்தன என்று கேட்டு எழுதிவைத்தார். சிறிய பிள்ளைகளில் பலர், யாரோ மனிதர்கள் செய்து வைத்தார்கள் என்றே விடை சொன்னார்கள். அந்த வயதில் உணவு, ஆடை, வெளிச்சம் என்று அவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் ஒரு பெரியவர் கையால்தான் கிடைக்கிறது. விளக்கைப் போடுபவர் உண்டென்றால் இரவைப் போடுபவரும் இருந்தாக வேண்டும். அவருடைய மகள்களில் ஒருத்தி, தூங்க வைக்காத ஒரு நாளில், "நான் இன்னும் தூங்கல, அதனால இது மதியம் இல்ல" என்ற பொருளில் சொன்னதை அவர் பதிவு செய்திருக்கிறார். ஓசூர்ப் பையனுக்கும் அந்தச் சிறுமிக்கும் ஒரே கணக்குதான்: எப்போதும் சேர்ந்து வரும் இரண்டில் ஒன்று மற்றொன்றைக் கொண்டுவருகிறது.

ஆனால் பியாஜேயை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால் கணக்கர் ஐயா சொல்வதுபோல் எல்லாவற்றையும் அறியாமைக் கணக்கில் எழுதிவிடுவோம். அவருடைய புகழ்பெற்ற சோதனை ஒன்றில், இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் காய்களை அடுக்கி, இரண்டும் சமமா என்று கேட்பார்கள். பிள்ளை ஆமாம் என்னும். பிறகு பெரியவர் ஒரு வரிசையைப் பரப்பி நீளமாக்கிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார். நாலைந்து வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர், நீளமான வரிசையில் அதிகம் என்று மாற்றிச் சொல்வார்கள். 1970களின் நடுவில் எடின்பரோவில் ஜேம்ஸ் மெக்கேரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் இதில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். பெரியவர் வரிசையைக் கலைக்கவில்லை. ஒரு குறும்புக்காரக் கரடிபொம்மை பெட்டியிலிருந்து தப்பித்து ஓடிவந்து கலைத்துவிட்டுப் போனது. இப்போது கேட்டபோது, அதே வயதுப் பிள்ளைகளில் மிகப் பலர், மாறவில்லை, சமம்தான் என்று சரியாகச் சொன்னார்கள்.

ஏன் என்று யோசியுங்கள். பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு அதே கேள்வியைக் கேட்டால், முன்பு சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார்கள். குழந்தை காய்களை எண்ணுவதற்கு முன் கேட்பவரின் மனத்தை எண்ணிப் பார்த்திருக்கிறது. வீட்டுக்கு விருந்தாளி வந்ததும், "மாமாகிட்ட அன்னைக்குச் சொன்னியே, அதை மறுபடி சொல்லு" என்று நாம் பிடித்து இழுக்கும்போது பிள்ளை வேறு ஏதோ சொல்லி நம்மை ஏமாற்றுகிறதே, அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

வேலையில் நான் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்றுதான். பிள்ளை இப்படி ஏதாவது சொன்னால் சிரிப்பதற்கும் திருத்துவதற்கும் முன்பு, "அது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பும் குரலில் கேட்பேன். சில சமயம் பதில் வரும். வராவிட்டால் விட்டுவிடுவேன்.

கொக்குவில் மகள்:

நாங்கள் டொராண்டோவில் இருக்கிறோம். அம்மா யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் இருக்கிறா. என் மகன் பிறந்ததிலிருந்து அம்மம்மாவை ஐபேடில்தான் பார்த்து வந்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவ கதைப்பா, பாட்டுப் பாடுவா, இவன் திரைக்கு முத்தம் கொடுப்பான். விசா கிடைத்து அம்மா இங்கே வந்து விமான நிலையத்தில் கைப்பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது அவனுக்கு மூன்றரை வயது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்வான் என்று நாங்கள் கேமராவோடு நிற்க, அவன் அசையாமல் நின்று அவவை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, "அம்மம்மாவுக்குக் கால் இருக்கு!" என்று அந்த மண்டபமே கேட்கும்படி கத்தினான். அம்மா குனிந்து, "ஓம் ராசா, ரெண்டு கால் இருக்கு, ரெண்டும் நோகுது" என்றா.

அவனுக்கு அம்மம்மா என்பவ தோளுக்கு மேலே மட்டும் உள்ள ஒரு ஆள். அன்று இரவு முழுக்க அவன் அவவின் பாதத்தையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். மெட்டி எதற்கு, பித்தவெடிப்பு எதற்கு என்று கேள்விகள் வேறு.

இலக்கணம் எழுதிய ஐயாவுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். சுவரில் இருக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டி, இவ அம்மம்மாவின் அம்மா என்று சொன்னேன். ஒரு கணம்கூடத் தயங்காமல் "அப்ப இவ அம்மம்மம்மா" என்றான். அதற்கு முந்தியவவைக் கேட்டபோது மூச்சு விடாமல் இன்னொரு 'ம்மா' சேர்த்தான்.

பழைய கணக்கர்:

கால் கதைக்கு நானும் சிரித்துவிட்டேன் தாயே, அதை மறைப்பதற்கில்லை. கரடிபொம்மைச் சோதனையும் யோசிக்க வைக்கிறது. இருந்தாலும் ஞானம் என்ற சொல்லை நான் இன்னும் கொடுப்பதாக இல்லை. குழந்தை தனக்குத் தெரிந்த ஒன்றை இன்னொன்றோடு முடிச்சுப் போடுகிறது. ஞானம் என்றால் அந்த முடிச்சை அவிழ்க்கவும் தெரிய வேண்டும்.

அங்கன்வாடி டீச்சர் (ஓய்வு):

தமிழ்நாட்டில் 1982இல் சத்துணவுத் திட்டம் வந்த சமயத்தில் பணியில் சேர்ந்து, ஒரே வட்டாரத்தில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஞானமா அறியாமையா என்ற வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. எங்களுக்குக் குழந்தைகளின் பேச்சு என்பது அந்த வீட்டிலிருந்து வரும் செய்தி.

ஒரு பையன் இருந்தான். மூன்றரை வயது இருக்கும். சோறு போடும் நேரத்தில் பக்கத்துப் பெண்பிள்ளையிடம் பெரிய மனிதன்போலச் சொல்லிக்கொண்டிருந்தான்: "பெருசானா பசிக்காது. எங்கம்மாவுக்குப் பசிக்கவே பசிக்காது." சாப்பாடு வைத்துக்கொண்டிருந்த உதவியாளர் சிரித்துவிட்டு, அப்படியானால் எனக்கு ஏன் பசிக்கிறது என்று அவனிடம் கேட்டார். அவன் அவரை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க இன்னும் பெருசாகல" என்றான். உதவியாளருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது.

மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் 'எங்கம்மாவுக்கு' என்ற இடத்தில் நெருடியது. அவன் தாய் கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவள். மறுநாள் வேறு வேலையாகப் போவதுபோல் அந்த வீட்டுக்குப் போனேன். பாலூட்டும் தாய்க்கென்று நாங்கள் கொடுத்த சத்துமாவை அவள் உருண்டை பிடித்து மாமனார், மாமியார், பிள்ளைகள் என்று எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, கேட்பவர்களிடம் எனக்குப் பசிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளைக் கேட்டிருந்தால் ஒரு நாளும் சொல்லியிருக்க மாட்டாள். அவள் சொன்ன பொய்யை மகன் முழுதாக நம்பி, அதிலிருந்து ஒரு விதியும் உண்டாக்கி வைத்திருந்ததால்தான் தெரியவந்தது. பிறகு அவளை மையத்துக்கே வரச்சொல்லி, என் முன்னால் உட்கார்ந்து சாப்பிட வைத்தேன், மாமியாரிடமும் பேசினேன். அந்தப் பேச்சு எப்படி நடந்தது என்பதை இங்கே எழுத முடியாது.

தறிச்சத்தம்:

டீச்சரம்மாவுக்கு வணக்கம். இழையின் போக்குக்குக் கொஞ்சம் விலகினாற்போல் தோன்றினாலும், படம் பிடிப்பதைப் பற்றி ஒரு சந்தேகம். என் அக்காள் வீட்டில் மகள் எது பேசினாலும் செல்பேசியில் பிடித்துக் குடும்பக் குழுவிலும் அதற்கு வெளியிலும் போடுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐந்து வயது. சென்ற பொங்கலுக்குப் போயிருந்தபோது என் காதருகே வந்து, "மாமா, இதைச் சொன்னா சிரிப்பீங்களா?" என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு ஒன்றைச் சொன்னாள். அது ஏற்கெனவே வேறொரு குழந்தையின் காணொளியில் வந்ததுதான். பிள்ளை எழுத்தாளராகிவிட்டது, தானாகச் சொல்வது நின்றுவிட்டது. இதை எப்படி அக்காளிடம் சொல்வது?

வைகைக்கரை:

தறிச்சத்தம், அது விலகல் இல்லை. பிரான்சில் 2024 பிப்ரவரியில், பிள்ளையின் படத்தைக் கையாளும்போது அதன் தனியுரிமையைக் காப்பதும் பெற்றோரின் கடமை என்று சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் அக்காளிடம் சட்டம் பேச வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கிக் கொடுங்கள். நாங்கள் அரிசி டப்பாவின் மேலே ஒன்று வைத்திருக்கிறோம். தேதி, வயது, பிள்ளை சொன்ன சொற்கள் அப்படியே வட்டார வழக்கோடு, அதற்குச் சற்றுமுன் வீட்டில் என்ன நடந்தது என்ற ஒரு வரி, அவ்வளவுதான். அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் ஓராண்டு கழித்து எடுத்துப் படிக்கும்போது வேடிக்கை மட்டும் மிஞ்சும், காரணம் மறந்துபோயிருக்கும்.

இந்த வேலையைச் செய்த பெரியவர்களில் சார்லஸ் டார்வினும் ஒருவர். 1839இல் பிறந்த தம் மூத்த மகனின் ஒவ்வொரு அசைவையும் குறித்துவைத்து, 1877இல்தான் அதை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அந்தப் பிள்ளை ஒரு வயதில் உணவுக்குத் தானாக வைத்துக்கொண்ட பெயர் 'மம்'. நம் வீட்டில் மம்மு என்று கேட்கும் பிள்ளையை நினைத்துக்கொண்டுதான் அந்த இடத்தைப் படித்தேன். பிறகு சர்க்கரை 'ஷு-மம்' ஆயிற்று. கறுப்பு என்ற சொல்லைக் கற்றதும், அதிமதுரத்தில் செய்த கறுப்பு மிட்டாய் 'பிளாக்-ஷு-மம்' ஆயிற்று. கொக்குவில் மகளின் பையன் அம்மம்மம்மா என்று அடுக்கியதும் இதுவும் ஒரே தொழில்தான்.

செங்காந்தள்:

சாவைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பதை யாரும் எழுதவில்லையே. என் மாமனார் தவறியபோது, தாத்தா சாமிகிட்ட போயிட்டார் என்று மகனிடம் சொல்லி வைத்தோம். சில வாரங்கள் கழித்துக் கோயிலுக்குப் போனோம். தீபாராதனை முடிந்து கூட்டம் நகர்ந்ததும் அவன் மட்டும் படியில் எம்பி நின்று கருவறைக்குள் எட்டி எட்டிப் பார்த்தான். பிறகு குருக்களிடமே, "எங்க தாத்தா உள்ள என்ன பண்றார்?" என்று கேட்டான். குருக்கள் திணறிவிட்டார். நானும்தான்.

மலைச்சாரல்:

புடாபெஸ்ட் நகரில் சிறுவர்களிடம் இதைப் பற்றிப் பேசி ஆராய்ந்த மரியா நாகி என்பவர் 1948இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சாவைப் பெரும்பாலும் ஒரு பயணமாகவோ தூக்கமாகவோ எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவற்றில் ஒன்று. அப்படிப்பட்ட வயதில் நாமும் 'போயிட்டார்', 'தூங்குறார்' என்ற சொற்களையே கொடுத்தால் பிள்ளை அதை முகவரியாகத்தான் எடுத்துக்கொள்ளும். தூங்கப் போகவே பயப்படும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். தாத்தாவின் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி அவருக்கு வலிக்காது, பசிக்காது, திரும்பி வரமாட்டார், நாம் அவரை நினைத்துக்கொள்ளலாம் என்று நேராகச் சொல்வது நல்லது. சாமியைப் பற்றிய நம்பிக்கையை அதற்குப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம், முன்னால் வேண்டாம்.

பழைய கணக்கர்:

இதில் எனக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் சாவு வீட்டிலிருந்து பிள்ளைகளை அப்புறப்படுத்துவதில்லை. நீர்மாலை எடுத்து வருவதையும் குளிப்பாட்டுவதையும் நாங்கள் கூடவே நின்று பார்த்தோம். பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று நெய்ப்பந்தம் பிடித்த பிறகுதான் பாடை கிளம்பும். என் பாட்டிக்கு நானும் பிடித்திருக்கிறேன். சொட்டிய நெய் கையில் சுட்டது இன்னும் நினைவிருக்கிறது. பாட்டி எங்கே என்று அதற்குப் பிறகு நான் எவரையும் கேட்டதில்லை; எங்கே போனாள் என்பதைக் கண்ணால் பார்த்திருந்தேன். இப்போது குளிர்பெட்டியும் வண்டியும் வந்து, பிள்ளையைப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிவிட்டு, அதன்பின் கதை சொல்கிறோம். அந்தப் பையன் கருவறையில் தேடியதற்கு அவனைக் குறை சொல்ல முடியாது.

கொக்குவில் மகள்:

உண்மைதான் ஐயா. இங்கே நாங்கள் செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைக்கூட ஐபேடில்தான் பார்க்கிறோம்.

தறிச்சத்தம்:

கனம் கூடிவிட்டதால் இரண்டு சின்னவற்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 2021 நவம்பரில் ஒன்றாம் வகுப்பு திறந்தபோது என் மகன் தன் டீச்சரை முகக்கவசத்தோடு மட்டுமே பார்த்தான். சில மாதங்கள் கழித்து அவர் அதைக் கழற்றிய அன்று வீட்டுக்கு வந்து, "மிஸ்ஸுக்கு வேற வாய் வச்சிருக்காங்க" என்றான். அவனாக ஒரு வாயை வரைந்து வைத்திருந்திருக்கிறான். அவன் தங்கை, இரவுப் பேருந்தில் ஜன்னலோடு கூடவே ஓடிவந்த நிலாவைப் பார்த்துவிட்டு, அது பாதி நிலாவாக இருந்ததால் அதற்கு அரை டிக்கெட் எடுத்தால் போதும் என்று தீர்ப்புச் சொன்னாள். நடத்துநர் காதில் விழுந்து, பௌர்ணமிக்கு முழு டிக்கெட் வாங்கிவிடுகிறேன் என்றார்.

நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன். அக்காள் அதில் பால் கணக்கு எழுதத் தொடங்கியிருக்கிறாள்.

இரவுப்பணி அப்பா:

மலைச்சாரல் அவர்கள் சொன்னபடி மகனிடம் கேட்டுப் பார்த்தேன். எனக்குக் காய்ச்சல் வந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை, ஆனாலும் ராத்திரி வந்ததே, அது எப்படி என்று கேட்டேன். அந்த விஷயத்தை அவன் விட்டுவிடுவான் என்று நினைத்தேன். கொஞ்சமும் அசரவில்லை. "அன்னைக்கு முருகேசு சித்தப்பா போட்டிருப்பார்" என்றான். என்னோடு அதே வண்டியில் வரும் நண்பர் அவர். அதோடு நிற்காமல், "அதான் அன்னைக்குச் சரியா இருட்டல" என்று குறையும் சொன்னான். அன்று பௌர்ணமியை ஒட்டிய நாளாக இருந்திருக்க வேண்டும்.

கணக்கர் ஐயா முடிச்சை அவிழ்க்கத் தெரிய வேண்டும் என்றாரே, அவன் அவிழ்க்கவில்லை, இன்னொரு முடிச்சைப் போட்டு முதல் முடிச்சைக் காப்பாற்றிக்கொண்டான். அடுத்த மாதம் எனக்குப் பகல் ஷிப்ட் மாறுகிறது. விடியற்காலை இருட்டில் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுவேன். அதற்கு என்ன சொல்கிறான் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.